அண்ணை பாதியில் விட்ட ஃபிரிட்ஜ்

கிளாசின் உட்புறத்தில் நுரை வளையங்கள் இருந்தன. இரவு ஷிப்ட் முடிந்து, வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றக்கூடப் பஞ்சிப்பட்டுக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போன ரதீசன் அதைத்தான் முதலில் கண்டான். சமையலறைக்குப் பின்னால் ஒட்டிக் கட்டிய பத்திக்குள், பீர் ஃபிரிட்ஜின் குழாய்க்குக் கீழே, அவன் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த கிளாஸ் நிமிர்ந்து நின்றது. ஒன்றின் கீழ் ஒன்றாக ஏழு வெள்ளை வளையங்கள். ஒவ்வொரு மிடறுக்கும் ஒன்று. யாரோ ஆறுதலாக இருந்து ரசித்துக் குடித்திருக்க வேண்டும்.

வீட்டில் அவனைத் தவிர வேறு ஒருவரும் இல்லை.

நான்தான் குடித்துவிட்டு மறந்திருப்பேன் என்று முதலில் நினைத்தான். பதினொரு வருட இரவு வேலை மனிதனை எதையும் மறக்க வைக்கும். போன மாதம் பாங்க் கார்டைச் சமையலறை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு இரண்டு நாள் தேடியவன் அவன். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் குழாயில் பீர் வராது. நுரை மட்டும்தான் வரும்.

ஃபிரிட்ஜைக் கட்டத் தொடங்கியது அவனுடைய தமையன் சிவானந்தன். ஜெர்மனியில் ஒரு பீர்க்கடைக் குசினியில் இருபது வருடம் கோப்பை கழுவிவிட்டு லண்டனுக்கு வந்தவர், தகரப் பேணிக்குள் வருவது பீரே இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ஃபாரஸ்ட் கேட்டில் யாரோ நடைபாதையில் எறிந்துவிட்ட பழைய ஃபிரிட்ஜை இரண்டு பேருமாகத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டி வந்தார்கள். தட்டுகளைக் கழற்றி, பீப்பாய் நிற்க இடம் எடுத்து, கதவில் துளை போட்டுக் குழாய் பூட்டி, பக்கத்தில் காஸ் சிலிண்டரை வைத்து, எல்லாம் கழித்துவிட்ட சாமானாகவே தேடித் தேடிக் கொண்டுவந்து சேர்த்தார். ஒருநாள் பின்னேரம், துளைபோடும் மெஷினை மடியில் வைத்தபடி பிளாஸ்டிக் கதிரையில் இருந்தவர் எழும்பவே இல்லை. மாரடைப்பு. அது நடந்து ஏழு கிழமையாகிவிட்டது.

மிச்ச வேலையைப் போன கிழமைதான் ரதீசன் முடித்தான். எறிய மனம் வரவில்லை. பாதியில் நிற்பதைப் பார்க்கவும் மனம் வரவில்லை. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ரியூப்பைக் கட்டையாக வெட்டித் தொலைத்துவிட்டான். வீட்டில் இந்த வேலை பார்க்கிற எல்லோரும் விழுகிற குழி அது. ரியூப் கட்டையென்றால் காஸ் பீரைப் பிடித்துத் தள்ளும், கிளாஸ் நிறைய நுரைதான் மிஞ்சும். மூன்று கிளாஸ் நுரையைத் தொட்டிக்குள் ஊற்றிவிட்டு, கிடக்கட்டும் சனியன் என்று விட்டிருந்தான்.

அதே குழாயில் வளையம் படிய யாரோ பீர் வார்த்துக் குடித்திருக்கிறார்கள். கிளாசைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுக்கப் போனான். நிற்கக்கூடக் காலில் பலமில்லை.

மார்கழி மாதத்து லண்டன் பகலும் ஒரு பகலா? திரையை இழுத்துவிட்டால் அறைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு வெளிச்சம் தேங்கி நிற்கும். ரேடியேட்டர் குழாய்கள் கிணுக் கிணுக்கென்று சூடேறும், தெருவில் பள்ளிப் பிள்ளைகளின் சத்தம் வந்து தேயும், பின்வீட்டு நாய் இரண்டு தரம் குரைத்துவிட்டு அலுத்துப்போய் நிறுத்தும். அவையெல்லாம் அடங்கிய பிறகு, நித்திரைக்கும் விழிப்புக்கும் நடுவில் கிடந்தவனுக்குப் பத்திப் பக்கமிருந்து வேறொரு சத்தம் கேட்டது. டொக். குழாயின் கைப்பிடியை முன்னால் இழுக்கிற சத்தம். பிறகு மெல்லிய இரைச்சல். டொக். மூடுகிற சத்தம். பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை, நுரை அடங்கும்வரை காத்திருப்பதுபோல. அதன்பின் மறுபடியும் டொக்.

அவசரப்படாத கை அது. ரதீசன் போர்வையைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டான். எழும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. அதைவிடக் களைப்பாக இருந்தது.

மூன்று மணிக்கு எழும்பிப் போய்ப் பார்த்தபோது கிளாஸ் ஈரமாக நின்றது. பத்திக்குள் பீர் மணத்தோடு பொரித்த மிளகாய் மணமும் இருந்தது. சிலிண்டரின் திருகைப் பூட்டினான், ஃபிரிட்ஜின் பிளக்கைச் சுவரிலிருந்து இழுத்து விட்டான். பீப்பாயைப் பிடித்து அசைத்துப் பார்த்தான். பாதிக்குக் குறைந்திருந்தது.

சனிக்கிழமை மனைவி லோஜினி போன் எடுத்தாள். சாவு வீட்டில் பிள்ளைத்தாச்சி இருக்கக்கூடாது என்று அவளை ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் அவளுடைய தமக்கை நகுலேஸ்வரி வீட்டுக்கு அப்போதே அனுப்பியிருந்தார்கள்.

"இஞ்சருங்கோ, சாப்பிட்டனீங்களோ?"

"ஓம். பாண் சாப்பிட்டனான்."

"குரல் ஒரு மாதிரிக் கிடக்கு."

"நித்திரை இல்லை, வேறை ஒண்டுமில்லை. பிள்ளை அசையுதோ?"

"நல்லா உதைக்குது. நாளைக்கு அத்தான் கொண்டுவந்து விடுறாராம். ஏழு மணியாகும்." குரலைத் தணித்தாள். "ஒண்டு கேக்கட்டே? அண்ணைக்கு எட்டுக்குப் படைச்சதைச் சந்தியில வைச்சனீங்கள்தானே? அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறா."

"ஓம், வைச்சனான்."

பொய்.  எட்டாம் நாள், செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் படைத்து, பிறகு அந்த இலையைக் கொண்டுபோய்ச் சந்தியில் வைக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு அவர் தன் வழியில் போய்விடுவார். அன்றைக்கு நகுலேஸ்வரி அக்கா சமைத்து அனுப்பிய புட்டையும் கறியையும் பொரித்த மிளகாயையும் ரதீசன் ஒழுங்காகத்தான் படைத்தான். ஆனால் வெளியே மழை ஊற்றியது, ஷிப்டுக்கு அரை மணித்தியாலம்தான் இருந்தது, சந்தி விளக்குக் கம்பத்தில் குப்பை போடுகிறவர்களைக் கமெரா பார்க்கிறது என்று கவுன்சில் அறிவித்தல் வேறு ஒட்டியிருந்தது. நாளைக்கு வைப்போம் என்று இலையை அப்படியே தூக்கி, வெறுமையாக இருந்த அந்தப் பாதி ஃபிரிட்ஜுக்குள் வைத்தான். அடுத்த நாள் இரட்டை ஷிப்ட். மூன்றாம் நாள் திறந்தபோது நாற்றம் தாங்கவில்லை. கவுன்சிலின் சாப்பாட்டுக் கழிவு வாளிக்குள் வழித்துப் போட்டான், வியாழக்கிழமை லொறி வந்து கொண்டுபோனது.

அண்ணையைச் சாப்பிடக் கூப்பிட்டாயிற்று. போய்வா என்று ஒருவரும் சொல்லவில்லை.

லோஜினிக்கு இரண்டு தரம் தங்கவில்லை. இது மூன்றாவது, ஏழாம் மாதம். அவள் இந்த வீட்டுக்குள் கால் வைக்கும்போது அண்ணை இங்கே இருக்கக்கூடாது. ரதீசனுக்கு வேறொன்றும் வேண்டாம். வேலையும் உடம்பும் எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை, அந்தப் பிள்ளை மட்டும் சேதமில்லாமல் வந்து சேர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடியவே ஈஸ்ட் ஹாமுக்குப் போய் ஆட்டிறைச்சியும் கணவாயும் வாழையிலையும் வாங்கி வந்தான். புட்டு அவித்தான். கணவாயைப் பொரித்தான். பத்திக்குள் இலையை விரித்து எல்லாவற்றையும் படைத்துவிட்டு, கிளாசைக் குழாய்க்குக் கீழே பிடித்தான். காஸ் பூட்டியிருந்தது, பிளக் கழன்று கிடந்தது. பீர் பொன்னிறமாக இறங்கி, மேலே இரண்டு விரல் நுரையோடு நின்றது. கிளாஸ் விரலைக் கடிக்கிற அளவுக்குக் குளிர்ந்தது.

"அண்ணை," என்றான். அழுகை வந்துவிட்டது. "பிழை என்ரைதான். சாப்பிட்டிட்டு வெளிக்கிடுங்கோ. லோஜினி வாறாள். இஞ்ச நிக்காதேங்கோ."

நாலரைக்கு இருட்டிவிட்டது. இலையை மடித்து, கிளாசை மற்றக் கையில் பிடித்துக்கொண்டு தெருமுனைச் சந்திக்கு நடந்தான். கமெரா பார்த்தால் பார்க்கட்டும். மதிலோரம் வைத்தால் நரி இழுத்துவிடும் என்று நடைபாதையின் நடுவிலேயே இலையை விரித்து, பக்கத்தில் கிளாசை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தான். வீடு வெறுமையாக இருந்தது. நல்ல வெறுமை. பத்திக்குள் பீர் மணம்கூட இல்லை. ஏழு கிழமைக்குப் பிறகு நெஞ்சில் கிடந்த கல் இறங்கியதுபோல இருந்தது. சோபாவில் சாய்ந்தான், அப்படியே உறங்கிப்போனான்.

டொக்.

கண் திறந்தது. இருட்டு. தெருவிளக்கின் வெளிச்சத்தில் சுவர் மணிக்கூட்டில் ஆறு ஐந்து.

கதவடியில் லோஜினியின் பை. கொளுவியில் அவளுடைய கோட். ஏழு மணி என்றவள் இவ்வளவு வெள்ளெனவா?

"லோஜினி?"

 எழும்பினான். கால் எதையோ தட்டியது. அவளுடைய சப்பாத்து. லைற்றைப் போட்டான். சப்பாத்தின் அடியில் ஏதோ ஒட்டியிருந்தது. குனிந்து தொட்டான். புட்டு. குழம்பு. ஒரு துண்டு வாழையிலை.

 சந்தியில் வைத்ததைக் கடக்கவே கூடாது. பிள்ளைத்தாச்சி கண்ணால்கூடக் காணக்கூடாது. இது தெரியாத யாழ்ப்பாணத்துச் சனம் உண்டா? தெரிந்திருந்தும் நடுநடைபாதையில் வைத்துவிட்டான். களைப்பில். யோசிக்காமல்.

"லோஜினி!"

"இஞ்ச நிக்கிறன்." பத்திக்குள்ளிருந்து குரல் வந்தது. அவளுடைய குரல்தான். சோர்ந்த குரல். "அத்தானுக்குப் பிறகு வேலையாம், வெள்ளென வெளிக்கிட்டிட்டம். ரோட்டைக் கிண்டிக் கிடக்கு, கார் வரேலாதெண்டு சந்தியில இறக்கிவிட்டவர். இருட்டுக்க என்னத்திலயோ காலை வைச்சிட்டன்."

டொக்.

இரைச்சல்.

டொக்.

சமையலறையைக் கடந்தான். குளிர். பொரித்த கணவாய் மணம்.

அவள் ஃபிரிட்ஜுக்கு முன்னால், பிளாஸ்டிக் கதிரையில், காலை அகட்டிக்கொண்டு இருந்தாள். பீர் மணம் பட்டாலே சத்தி எடுக்கிறவள். மடியில் வெறும் கிளாஸ்கள். நாலு. ஐந்து. எல்லாவற்றிலும் வளையங்கள். கையில் ஒன்று நிறைந்திருந்தது.

"குடிக்காதையும்," என்றான். கிளாசைப் பிடுங்கக் கை நீட்டினான். "லோஜினி, பிள்ளை…"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை, வெறி இல்லை. அழுதழுது ஓய்ந்தவளின் முகம் அது.

"எனக்கு வேண்டாமப்பா," என்றாள். மற்றக் கை வயிற்றைத் தடவியது. "இவருக்குத்தான் விடாய்."

கிளாசை வாயில் வைத்துச் சரித்தாள். பீர் இறங்கியது. அவளுடைய தொண்டை அசையவில்லை. உடுப்புக்குக் கீழே, வயிறு அசைந்தது. ஒரு மிடறு. நின்றது. ஆறுதலாக, இன்னொரு மிடறு.