அரம் போட்ட கழுகு

"ஐயோ... யாராவது வாங்களேன்!"

ராடோம் நகரத்துப் பழம்பொருள் கடையில் அலறினாள் கடைக்காரர் பெனெடிக்டின் மனைவி.

பெனெடிக்ட் கல்லா மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தார். நெஞ்சில் குண்டு!

பின்பக்க ஓடையில் துப்பாக்கி சிக்கியது. விஸ் ரகம். இதே ஊர்த் தொழிற்சாலையில் செய்தது. ஆனால்... போலந்துக் கழுகு முத்திரை, வருஷம், நம்பர்... எல்லாவற்றையும் அரம் போட்டுத் தேய்த்திருந்தார்கள்!

வாரக் கடைசியில் லுட்விக் ஸரெம்பாவின் வீட்டுக்குப் போனார் இன்ஸ்பெக்டர் போக்னா.

ஸரெம்பா பரம்பரை வீரர். அதாவது வீரம் தாத்தாவுடையது. மீசை மட்டும் இவருடையது.

சுவரில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒரு விஸ். கழுகு, 1937, நம்பர்... எல்லாம் பளிச்!

"தாத்தா முப்பத்தொம்பதுல ஜெர்மன்காரனை விரட்டினது இதாலதான், மேடம்!"

"விரட்டினாரா? அப்புறமும் அஞ்சு வருஷம் அவன் இங்கேயேதானே சார் இருந்தான்?"

மீசை துடித்தது.

ஓடையில் எடுத்ததை மேஜைமேல் வைத்தார் போக்னா.

"இது யாரோடது?"

"பார்த்ததே இல்லை!"

"உங்க துப்பாக்கி போலின்னு பெனெடிக்ட் ஊரெல்லாம் சொன்னாராமே?"

"சொன்னான். அதுக்காகச் சுடுவாங்களா? என்னோடதுதான் பத்திரமா சுவத்துல இருக்கே!"

போக்னா பெட்டியைத் திறந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"அவர் சொன்னது சரிதான். கழுகு புதுசா வெட்டினது. சுத்தப் போலி! நீங்க நிரபராதி சார்... ஆனா தாத்தா கதை புருடா. ஞாயித்துக்கிழமை வீரர்கள் விழாவுல நானே சொல்லிடறேன்."

"மேடம்! ஊரே சிரிக்கும்!"

"ஜெயிலுக்குப் போறதுக்கு அது எவ்வளவோ தேவலை!"

"என் தாத்தா துப்பாக்கி போலி இல்லை! சுவத்துல இருக்கறது அவனைச் சுட்ட மறுநாள் வார்சாவுல வாங்கினது! தாத்தாவோட நிஜ விஸ் அதோ... மேஜைமேல..."

சொன்ன பிறகுதான் ஸரெம்பா வாயைப் பொத்திக்கொண்டார்.

க்ளிக்! கையில் விலங்கு.

"சின்னதா ஒரு பொய் சொல்லிட்டேன் சார்," என்றார் போக்னா. "சுவத்துல இருக்கறது அசல் 1937. மேஜைமேல இருக்கறதுல நீங்க தேய்ச்ச நம்பரை லேப்ல ஆசிட் விட்டு எடுத்துட்டாங்க. நம்பருக்கு முன்னால ஒரு எழுத்து! எழுத்து போட ஆரம்பிச்சது ஜெர்மன்காரன் தொழிற்சாலையைப் பிடிச்சதுக்கு அப்புறம். அவன் நம்ம கழுகையா அடிப்பான்? அதுல இருந்த கழுகு யாரோ அப்புறமா வெட்டினது!"

"அப்போ... பெனெடிக்ட் சொன்னது..."

"நிஜம்! அசலைச் சுவத்துல மாட்டிட்டு, போலிக்காக ஜெயிலுக்குப் போற முதல் ஆள் நீங்கதான், வாங்க!"