கொசு தூக்கிய நாற்பது

கொசு என்றால் ஐந்தாம் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். மின்விசிறியை வேகமாகச் சுழலவிட்டால் பையோடு ஜன்னல் வழியாகப் பறந்துபோகக்கூடிய சிறுமி அவள். அப்படிப்பட்ட கொசு நாற்பது கிலோவைத் தூக்கிவிட்டாள் என்றால் ஊர் சும்மா இருக்குமா?

எல்லாம் அவள் அத்தை நடத்தும் பளு தூக்கும் கூடத்தில் நடந்தது. இலேசான அலுமினியக் கம்பி. இரண்டு பக்கமும் '20' என்று போட்ட பழைய இரும்புத் தட்டுகள். அத்தை சொன்னபடியே முதுகை நிமிர்த்தி, கால்களை ஊன்றித் தூக்கினாள்.

"இருபதும் இருபதும் நாற்பது கிலோ" என்று மறுநாள் பள்ளியில் சொன்னாள். கடைசி மணி அடிப்பதற்குள், அவள் கணக்கு டீச்சரையே நாற்காலியோடு தூக்கிவிட்டதாக மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சத்தியம் செய்தார்கள். கொசு மறுக்கவில்லை.

சனிக்கிழமை கூடத்துக்குப் புதுத் தட்டுகள் வந்தன.

"அந்த இருபதை ஓரமா வை" என்றாள் அத்தை.

கொசு இழுத்தாள். தட்டு அசையவில்லை. மூக்கு சிவக்க இழுத்தாள். தட்டு தூங்கியது.

"அத்தை, இது தரையோட ஒட்டிக்கிச்சு."

"இருபது கிலோ அப்படித்தான் இருக்கும்."

"பழசும் இருபதுதானே?"

"அது பவுண்டுடி. ரெண்டு பவுண்டுக்கு மேல சேர்ந்தாத்தான் ஒரு கிலோ."

கொசு பழைய தட்டின் துருவைச் சுரண்டினாள். உள்ளே குட்டியாக 'பவுண்டு' என்று இருந்தது. அப்படியானால் அவள் தூக்கியது பதினெட்டு கிலோ. அவள் காதில் அப்போது ஈரத்துணியைப் போட்டிருந்தால் நொடியில் காய்ந்திருக்கும். அவ்வளவு சூடு.

திங்கட்கிழமை எல்லோரிடமும் சொல்லிவிட நினைத்தாள். வாய் வரவில்லை. பென்சில் சீவினாள். செவ்வாய்க்கிழமையும் சீவினாள். பெட்டியில் பென்சிலே மிச்சமில்லை.

புதன்கிழமை மாலை பாதி வகுப்பு கூடத்துக்கு வந்துவிட்டது. முன்னால் நின்றவன் தலையணை. வகுப்பில் தூங்கித் தூங்கியே அந்தப் பெயரை வாங்கியவன்.

"கொசுவே தூக்கறா. நான் தூக்க மாட்டேனா?"

அத்தை வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தாள். அதற்குள் நண்பர்கள் சேர்ந்து புதுத் தட்டுகளைக் கம்பியில் மாட்டிவிட்டார்கள். அசல் நாற்பது கிலோ. தலையணை கேள்விக்குறி மாதிரி முதுகை வளைத்துக் கம்பியைப் பிடித்தான்.

கொசு மனசுக்குள் கணக்குப் போட்டாள். இவன் இழுத்தால் இடுப்பு போய்விடும். உண்மையைச் சொன்னால் தன் மானம் போய்விடும்.

"டேய், வேண்டாம்" என்றாள்.

"உன் சாதனை போயிடும்னு பயமா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

தலையணை மூச்சை இழுத்தான். கொசு ஓடிப்போய்க் கம்பியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் தூக்கினது நாற்பது பவுண்டு. கிலோ இல்ல. வெறும் பதினெட்டு கிலோ. சனிக்கிழமையே தெரியும். சொல்ல வெட்கமா இருந்துச்சு."

கூரை எகிறும்படி சிரிப்பு.

"அப்ப டீச்சரை?"

"டீச்சரை நான் தொடவே இல்ல."

தரை பிளந்து தன்னை விழுங்கக் கூடாதா என்று கொசு குனிந்து பார்த்தாள். கெட்டியான சிமெண்டுத் தரை. வழியே இல்லை.

தலையணை மட்டும் சிரிக்கவில்லை. இடுப்பைத் தடவிக்கொண்டே அவள் பக்கம் குனிந்தான்.

"நல்லவேளை. இப்பவே இங்க ஏதோ 'க்ளிக்'னுச்சு. அந்தப் பதினெட்டை நான் தூக்கலாமா?"

கொசு முதலில் அத்தையை உள்ளே கூப்பிட்டாள். பிறகு பழைய தட்டுகளை மாட்டினாள்.

"கம்பி கிட்ட நில்லு. நாற்காலில உட்காரப்போற மாதிரி இறங்கு. முதுகு நேரா. இப்ப காலால தரையைத் தள்ளு."

கம்பி அவன் காலை ஒட்டியே மேலே வந்தது. சிரித்தவர்கள் எல்லாம் கைதட்டிவிட்டு, அடுத்தது யார் என்று வரிசைக்குச் சண்டை போட்டார்கள்.

கம்பியை மெதுவாக இறக்கிய தலையணை கேட்டான். "வீட்ல நாற்பதுன்னு சொல்லிக்கவா?"

"சொல்லிக்கோ. பவுண்டையும் சேர்த்துச் சொல்லு. இல்லன்னா நாளைக்கு உங்க வீட்டுப் பீரோவை நீதான் நகர்த்தணும்."

தலையணை இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"பதினெட்டு கிலோன்னே சொல்லிடறேன்."