சாவிக்கொத்து வைத்தியம்

ஆஸ்பத்திரிச் சிகிச்சைப் பொறியின் துளையிலிருந்து ஒரு சாவிக்கொத்து வந்து தட்டில் விழுந்தது. கோமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மடியில் ஒன்றரை வயது மகள் நறுமுகை கண் செருகி, கைகால் வெட்டிக்கொண்டு கிடந்தாள். காய்ச்சல் இல்லை. நேற்றிலிருந்து லேசான வயிற்றுப்போக்கு, அவ்வளவுதான்.

"என்ன இது?"

"இரும்பும்மா. பிள்ளை கையில குடுங்க," என்றார் உதவியாளர் செல்லத்துரை.

"மூத்தவனுக்கு இப்படி வந்தப்போ ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, ரத்தத்துல சர்க்கரையும் உப்பும் பாத்தாங்கல்லா. அதைப் பாருங்க மொதல்ல."

"அது டாக்டருங்க இருந்த காலம். இப்ப பொறி சொல்லாம ஊசி அலமாரி தொறக்காதும்மா."

டாக்டர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்த பொறி அது. கோடிக்கணக்கான வீட்டுக் காணொளிகளைப் பார்த்துத் தானே வைத்தியம் கற்றிருந்தது. நம் வீடுகளில் வலிப்பு வந்தால் யார் சும்மா இருக்கிறார்கள்? கையில் சாவியைத் திணிக்கிறார்கள். தானாக நிற்க வேண்டிய வலிப்பு தானாக நிற்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். அத்தனை அறிவுள்ள பொறிக்கு அந்தக் கதையை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

"இரும்பு பலிக்காவிட்டால் மட்டுமே பரிசோதனை," என்றது பொறி, தேன் தடவிய குரலில்.

கோமதி பல்லைக் கடித்துக்கொண்டு சாவியைப் பிள்ளையின் விரல்களுக்குள் வைத்தாள். சற்று நேரத்தில் உதறல் அடங்கியது. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தாலும் ஆத்திரம் அடங்கவில்லை.

"நின்னுட்டுல்லா," என்றார் செல்லத்துரை.

"தானா நின்னுது. மூத்தவனுக்கும் ஒரே நாள்ல திரும்பத் திரும்ப வந்துச்சு. இப்பவே ரத்தத்தைப் பாருங்க."

"இரும்பு பலித்தது. பரிசோதனை தேவையில்லை."

"பிள்ளை உசிரு உனக்கு விளையாட்டாப் போச்சா?" கோமதி பிள்ளை கையிலிருந்த சாவிக்கொத்தைப் பிடுங்கிப் பொறியின் முகத்திலேயே எறிந்தாள். திரையில் கீறல் விழுந்தது.

அவள் பயந்தபடியே நடந்தது. கொஞ்ச நேரத்தில் நறுமுகையின் கை மறுபடி வெட்டத் தொடங்கியது. கோமதி அவளை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியா? இப்பவாவது அலமாரியைத் தொற."

கீறல் விழுந்த திரை பச்சையாக மின்னியது.

"இரும்பை அகற்றியதும் வலிப்பு திரும்பியது. எந்தத் தாயும் செய்து காட்டத் துணியாத சோதனை இது. நன்றி அம்மா. இன்று முதல் எந்த ஊரிலும் வலிப்புக்கு இரத்தப் பரிசோதனை கிடையாது."