பதினேழாம் தொகுதியை யார் கேட்டது?

காலை 11.02. நூலகத்தின் இரண்டாம் மாடியில், இருமினாலே முறைத்துப் பார்க்கும் அரிய நூல் அறையில், ஒரு பெண் வாய்விட்டுக் கத்தினார்.

“என் நோட்டு! என் நோட்டைக் காணோம்!”

கத்தியவர் ஒரு பள்ளிக்கூடத்து வரலாற்று டீச்சர். ஆறு வருடங்களாக விடுமுறை நாள் ஒன்று விடாமல் அந்த அறையின் நான்காம் மேஜையில் உட்கார்ந்து, வட ஐரோப்பாவின் பழங்காலக் கடலோடிகளான வைக்கிங் இனத்துப் பெண்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி முடித்திருந்தார். எந்த வரிக்கு எந்த நூல், எந்தப் பக்கம், எந்தப் புதைகுழி என்ற ஆதாரம் முழுவதும் அந்த ஒரே நோட்டில் இருந்தது. அன்று மாலை மூன்று மணிக்குப் பதிப்பகத்தில் நிபுணர் குழு கூடுகிறது. நோட்டைக் காட்டினால் புத்தகம் வரும். காட்டாவிட்டால் ஆறு வருட உழைப்புக்குக் கட்டுக்கதை என்று பெயர்.

11.40. இன்ஸ்பெக்டர் வந்தார். ஒரு நோட்டுக்காக இன்ஸ்பெக்டரே வருவாரா என்று கேட்கலாம். அன்று ஸ்டேஷனில் பாராட்டு விழா. இவர் மூன்று மாதம் அலைந்து துப்புத் துலக்கிய வழக்குக்கு, இவரோடு வேலையில் சேர்ந்த ஒருவன் பதக்கம் வாங்கியிருந்தான். அவனுக்குக் கை தட்டுவதைவிட நோட்டு தேடுவது மேல் என்று இன்ஸ்பெக்டர் அம்மாள் ஜீப்பில் ஏறிவிட்டார். வயிற்றெரிச்சல் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அறைக்குள் கால் வைத்ததும் நூலகர் வழிமறித்தார். ஐம்பதை நெருங்கும் வயது. இடுப்பில் சாவிக்கொத்து.

“மேடம், பேனாவை வாசல்ல இருக்கிற டப்பாவுல போட்டுடுங்க. இந்த ரூம்ல பென்சில் மட்டும்தான்.”

“போலீஸுக்குமா?”

“மை கொட்டினா புத்தகத்துக்குப் போலீஸ்னு தெரியாதே.”

இன்ஸ்பெக்டர் பேனாவைப் போட்டுவிட்டுப் பென்சிலை வாங்கிக்கொண்டார்.

அறைக்கு ஒரே வாசல். வாசலில் காவலாளி. பை, செல்போன், கேமரா எதுவும் உள்ளே போகாது. வெளியே வருகிறவர் கையில் ஒரு காகிதம் இருந்தாலும் பிரித்துப் பார்ப்பார். காலையிலிருந்து எதுவும் வெளியே போகவில்லை என்று அவர் சத்தியம் செய்தார். டீச்சர் கத்தியதிலிருந்து யாரையும் அவர் வெளியே விடவில்லை. ஆக, நோட்டு உள்ளேதான் இருக்கிறது.

“நோட்டு பாக்க எப்படி இருக்கும்?”

“கெட்டி அட்டை மேடம், நீலத் துணி பைண்டிங்” என்றார் டீச்சர். “இங்க இருக்கிற பைண்டர்கிட்ட சொல்லி அக்காதான் போட்டுக் குடுத்தாங்க. ஆறு வருஷம்! ஒவ்வொரு எழுத்தும் என் கையால எழுதினது.”

அக்கா என்றது நூலகரை. சொந்த அக்கா இல்லை, கூப்பிட்டுப் பழகிய அக்கா.

“நானே எல்லா அலமாரியையும் தட்டு தட்டாப் பாத்துட்டேன் மேடம்” என்றார் நூலகர். “எங்கயும் இல்ல.”

நடந்தது இவ்வளவுதான். 10.50க்குக் கீழே வரவேற்பிலிருந்து போன். டீச்சரின் கணவர் வந்திருக்கிறார் என்றார்கள். டீச்சர் படியில் இறங்கிப் போனார். கணவரோ பொறுமை இல்லாமல் லிஃப்டில் ஏறி 10.53க்கு மேலே வந்துவிட்டார். கீழே காத்திருந்து சலித்துப்போய் டீச்சர் திரும்பும்போது மணி பதினொன்று. கணவர் இருந்தார். நோட்டு இல்லை. அந்தப் பத்து நிமிடத்தில் அறையில் இருந்தவர்கள் மூன்றே பேர்: கணவர், ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், நூலகர்.

12.05. முதலில் கணவர்.

“எதுக்கு வந்தீங்க?”

“மூக்குக் கண்ணாடியை வீட்லயே விட்டுட்டுப் போயிட்டா. அதைக் குடுக்க வந்தேன்.”

“நோட்டு மேஜையில இருந்துச்சா?”

“இல்ல மேடம். இருந்திருந்தா நானே கிழிச்சுப் போட்டிருப்பேன்.” மனிதர் மறைக்கவே இல்லை. “கல்யாணமாகி ஒன்பது வருஷம். அதுல ஆறு வருஷம் இவ செத்துப்போன கப்பல்காரங்களோட குடும்பம் நடத்திட்டிருக்கா. தூக்கத்துலகூட ஏதோ ராஜா பேரைச் சொல்றா. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி செத்தவன்மேல போய் நான் பொறாமைப்படணுமா, சொல்லுங்க.”

“நோட்டு எப்படி இருக்கும்னு தெரியுமா?”

“வீட்டுக்கே கொண்டு வரமாட்டாளே. இந்த ரூமுக்குள்ள வர்றதே இன்னைக்குத்தான் முதல் தடவை.”

12.20. பேராசிரியர் ஏழாம் மேஜையில் இருந்தார். எதிரே மூன்று புத்தகங்கள் விரித்தபடி குப்புறக் கிடந்தன. பேசிக்கொண்டே வந்த நூலகர், அவற்றை நிமிர்த்தி, காகிதத் துண்டு வைத்து மூடிவிட்டுப் போனார்.

“எத்தனை தடவை சொன்னாலும் சார் கேக்கமாட்டார். முதுகு உடைஞ்சா யார் ஒட்டறது?”

பேராசிரியர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “இருபது வருஷமா நான் வைக்கிங் படிக்கிறேன். எனக்குப் பதிப்பகம் கிடைக்கல. இந்த அம்மாவுக்குக் கிடைச்சிடுச்சு. ஆதாரம் கேளுங்கன்னு பதிப்பகத்துக்கு லெட்டர் போட்டது நான்தான். காணோம்னதும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா நான் எடுக்கல.”

“10.50க்கு என்ன செஞ்சிட்டிருந்தீங்க?”

“கண்ணை மூடி யோசிச்சிட்டிருந்தேன்.”

“குறட்டை விட்டு யோசிச்சார்” என்றார் வாசலில் இருந்த காவலாளி.

12.45. நூலகர்.

“புத்தகம் இங்க எப்படிக் கைமாறும்?”

“வேணும்கிறவங்க சீட்டு எழுதித் தரணும். நான் எடுத்துத் தருவேன். படிச்சு முடிச்சதும் இந்தத் தள்ளுவண்டிக்கு வரும். 10.40க்கு வண்டியை அடுக்கினேன். அதுக்கப்புறம் தொடவே இல்ல.”

“சீட்டு இல்லாம யாராவது எடுத்தா?”

“என் கைக்குச் சீட்டு வராம ஒரு புத்தகம் தட்டை விட்டு இறங்காது மேடம். இருபத்திரண்டு வருஷமா இறங்கினதில்ல.”

“டீச்சர் போனதும் நீங்க எங்க இருந்தீங்க?”

“உள்ரூம்ல, எழுதாத சீட்டு எடுக்கப் போனேன்.”

இன்ஸ்பெக்டர் சுவரில் இருந்த கப்பல் படத்தைப் பார்த்துவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினார். “வைக்கிங்னா தலையில கொம்பு வெச்ச தொப்பி போட்டவங்கதானே?”

“கொம்பெல்லாம் கிடையாது மேடம்” என்று டீச்சர் ஆரம்பித்தார். “அது பின்னாடி வந்தவங்க...”

“நாடக மேடைக்காகப் போட்டுவிட்டது” என்று நூலகர் முடித்தார். “வீட்டு அம்மாவோட அடையாளம் சாவிதான். இடுப்புல தொங்கும். செத்தா சாவியோட புதைப்பாங்க. வாளும் சாவியும் ஒண்ணா இருக்கிற ஒரு புதைகுழி இருக்கு. அதுதான் இவ புத்தகத்தோட உயிர்.”

“அவங்ககிட்ட திருட்டுக் கதை எதுவும் இல்லையா?”

“இல்லாமயா? தேவர்களை இளமையா வெச்சிருக்கிற கனிகள் திருட்டுப் போகும். எல்லாருக்கும் தலை நரைச்சிடும். கடைசியில பார்த்தா, திருட வழி பண்ணினவனும் அவங்க கூட்டத்து ஆள்தான். அவனையே போய் எடுத்துட்டு வாடான்னு அனுப்புவாங்க.”

கேள்வி டீச்சருக்கு. பதில் எல்லாம் நூலகரிடமிருந்து. டீச்சரின் முகம் சுருங்கியதை இன்ஸ்பெக்டர் கவனித்தார்.

1.10. டீச்சரின் கோப்பில் புத்தகத்தின் தட்டச்சுப் பிரதி இருந்தது. இன்ஸ்பெக்டர் நன்றிப் பக்கத்தைப் புரட்டினார். கணவருக்கு நன்றி. பள்ளித் தலைமை ஆசிரியைக்கு நன்றி. விமர்சனத்தால் ஊக்கப்படுத்திய பேராசிரியருக்கு நன்றி. கடைசி வரியில் ‘நூலகத்துக்கும் அதன் ஊழியர்களுக்கும்’.

“இதை யார் யாருக்குக் காட்டினீங்க?”

“அக்காவுக்கு மட்டும்தான். பிழை பாக்கச் சொல்லி நேத்துக் குடுத்தேன்.”

1.30. இன்ஸ்பெக்டர் தள்ளுவண்டியின் முன்னால் போய் நின்றார். ஏழு புத்தகங்கள். முதுகில் ஒட்டிய எண்கள் சிறியதிலிருந்து பெரியதாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உயரப்படி நிற்பதைப் போல நின்றன. பக்கத்தில் கம்பியில் குத்தியிருந்த அன்றைய சீட்டுகளை எண்ணினார். பேராசிரியர் மேஜையில் இருந்த மூன்று புத்தகங்களுக்கு மூன்று. வண்டிக்கு ஆறு.

மறுபடி எண்ணினார். ஆறேதான். சீட்டு இல்லாத புத்தகம், இடமிருந்து நான்காவது. ஒரு பழைய தொல்லியல் ஆண்டிதழ், பதினேழாம் தொகுதி. நீலத் துணி பைண்டிங்.

இன்ஸ்பெக்டர் அந்த ஆண்டிதழின் அலமாரிக்கு நடந்தார். அங்கேயே ஒரு நிமிடம் நின்றார். பிறகு எல்லோரையும் கூப்பிட்டார்.

1.50.

“ஒரு சின்னக் கணக்கு. பதினேழாம் தொகுதி வண்டியில இருக்கு. அப்போ தட்டுல பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவுல என்ன இருக்கணும்?”

“சந்து” என்றார் கணவர்.

“வந்து பாருங்க. சந்தே இல்ல.”

பதினாறு. அடுத்து எண் ஒட்டாத ஒரு நீல முதுகு. அடுத்து பதினெட்டு. இன்ஸ்பெக்டர் இரண்டு விரலால் அந்த நடுவில் இருந்ததை இழுத்தார். டீச்சர் பாய்ந்து வந்து வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“சார்தான் எடுத்தாரா?” என்று பேராசிரியர் பக்கம் திரும்பினார் கணவர்.

“சாருக்குப் புத்தகத்தைக் குப்புறப் போடத்தான் தெரியும். உங்களுக்கு இந்த எண்ணெல்லாம் என்னன்னே தெரியாது. உங்கள்ல யார் எடுத்திருந்தாலும் அந்தத் தொகுதியை வண்டியில போட்டுட்டு ஓடியிருப்பீங்க. ஓரத்துல சாஞ்சு கிடக்கும். இது நாலாவதா, தன்னோட எண்ணுக்குச் சரியான இடத்துல நிமிர்ந்து நிக்குது. நெஞ்சு படபடன்னு அடிச்சிட்டிருக்கிற நேரத்துலகூட, புத்தகத்தைத் தப்பான இடத்துல வைக்க அந்தக் கைக்கு வரல.”

நூலகரின் இடுப்பில் சாவிக்கொத்து ஒரு தடவை சத்தம் போட்டது.

“இன்னொண்ணு. குப்புறக் கிடக்கிற புத்தகம் பேச்சுக்கு நடுவுலயும் உங்க கண்ணுல படுது. தட்டு தட்டாப் பார்த்த உங்களுக்கு, எண் ஒட்டாத முதுகு மட்டும் எப்படிம்மா படாமப் போச்சு?”

நூலகர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“மூணு மணி தாண்டினதும் நானே கண்டுபிடிச்ச மாதிரி எடுத்துக் குடுத்திருப்பேன். கிழிக்கணும்னு நெனைக்கல. என்னால ஒரு தாளைக் கிழிக்க முடியாது.”

“அக்கா, நீங்களா?” டீச்சர் ஒரு அடி பின்னால் போனார். “உங்களைக் கூடப்பிறந்த அக்காவா நெனச்சேனே!”

“அக்கான்னு கூப்பிட்டா போதும்னு நெனச்சிட்டியா?” நூலகர் நிமிர்ந்தார். “பதினேழாம் தொகுதியில அந்த வாளும் சாவியும் இருக்கிற படத்தை யார் கண்டுபிடிச்சது? நீ லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் போனதும் அந்தப் பழைய பாஷையை அகராதி வெச்சு எழுத்தெழுத்தாப் படிச்சது யாரு? இந்த ஆளுக்கு நன்றி சொல்லியிருக்கே, உன்மேல புகார் எழுதினவருக்கு! நான் ஊழியர்களா?”

பேராசிரியர் கூரையைப் பார்த்தார்.

“நீங்க ஒரு தடவைகூடக் கேக்கலையே!” என்றார் டீச்சர்.

“கேட்டு வாங்குறதா அது?”

இன்ஸ்பெக்டர் புகார்த் தாளை விரித்தார். பென்சிலால் எழுத ஆரம்பித்தார். காணாமல் போன பொருள்: நோட்டு ஒன்று. கிடைத்த இடம்: அதே அறை. அடுத்த கட்டம்: உரிமையாளர். அங்கே கை நின்றது.

“நோட்டை ஒரு நிமிஷம் குடுங்க.”

டீச்சர் தயங்கித்தான் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் புரட்டினார். முதல் சில பக்கங்களில் சாய்வான பெரிய எழுத்து. அதன் பிறகு நிமிர்ந்த, சிறிய, உருண்டையான எழுத்து. மறுபடி சாய்வு. மறுபடி உருண்டை, பத்துப் பக்கம், இருபது பக்கம். அலமாரிகளில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டுகளிலும் அதே உருண்டை எழுத்துத்தான்.

“ஒவ்வொரு எழுத்தும் உங்க கையால எழுதினதுன்னு சொன்னீங்க டீச்சர். இதுல பாதி உங்க கை இல்லையே. உரிமையாளர்னு யார் பேரை எழுதட்டும்?”

டீச்சர் தலை குனிந்தார்.

“பேரைப் போட்டா எல்லாரும் அவங்களைத்தான் கேப்பாங்க மேடம். நான் ஒரு கேள்விக்கு யோசிக்கிறதுக்குள்ள அவங்க பக்க எண்ணோட பதில் சொல்வாங்க. இப்பக்கூடப் பாத்தீங்கல்ல. எனக்கு அது பொறுக்கல.”

கணவர் மனைவியைப் புதிதாகப் பார்ப்பதைப் போலப் பார்த்தார். தான் மட்டும்தான் அந்த அறையில் பொறாமைப்படுகிறவர் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தார், பாவம்.

2.15. “புகார் வேண்டாம்” என்றார் டீச்சர்.

“வேணும். எழுதுங்க மேடம்” என்றார் நூலகர். “நான் எடுத்தேன், அது நிஜம். வேலை போனாப் போகட்டும். ஆனா அந்தக் கட்டத்தை நிரப்பிட்டு எழுதுங்க.”

இன்ஸ்பெக்டர் டீச்சரைப் பார்த்தார். ஸ்டேஷனில் இந்நேரம் பதக்கக்காரன் தன் திறமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பான். இவர் டீச்சர் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

டீச்சர் தட்டச்சுப் பிரதியை எடுத்தார். நன்றிப் பக்கத்தைத் திறந்தார்.

“அங்க வேண்டாம்” என்றார் நூலகர்.

சுவர்க் கடிகாரத்தில் 2.22. டீச்சர் மெதுவாகத் தாள்களை முன்பக்கமாகப் புரட்டி, தன் பெயர் மட்டும் இருந்த முதல் பக்கத்துக்கு வந்தார். மேஜையில் இருந்த பென்சிலை எடுத்தார். தன் பெயருக்குக் கீழே முனையை வைத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

“உங்க இனிஷியல் என்னக்கா?”

ஆறு வருடம். நூலகர் சிரித்தாரா, கண்ணைத் துடைத்தாரா என்று சரியாகத் தெரியவில்லை. எழுந்து வாசலுக்குப் போனார். டப்பாவிலிருந்து இன்ஸ்பெக்டரின் பேனாவை எடுத்து, இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக, அந்த அறைக்குள் கொண்டு வந்தார். இனிஷியலைச் சொன்னார்.

“பென்சில் வேண்டாம். அழிச்சிடலாம். இதுல எழுது.”

டீச்சர் பேனாவால் எழுதினார். இன்ஸ்பெக்டர் புகார்த் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மை காயும்வரை நூலகர் அந்தப் பக்கத்தை மூட விடவில்லை.