புடவைக் கரையில் ஓடிய கடல்

எண்பத்தெட்டாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. வரதராஜன்பேட்டை மாதா கோயில் மண்டபத்தில் அன்று யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

டி.வி. பெட்டிக்கு நேர் எதிரே, முன் பெஞ்சில், பெரம்பலூரிலிருந்து பெண் கேட்டு வந்திருந்த ராக்கேலம்மாளும் அவர் மகன் மரியநாதனும். பக்கத்தில் மர நாற்காலியில் பெண்ணின் தகப்பனார், உபதேசியார் சவரியார். சுவரோரமாக அவர் மனைவி மதலேனம்மாள். தரையில் விரித்த பாயில் ஊரில் பாதி. அவர்களுக்கு நடுவே காலை நீட்டிக்கொண்டு அடுத்த வீட்டுப் பஞ்சவர்ணம். கதவுக்குப் பின்னால் பாதி மறைந்தபடி அமலோற்பவமேரி... பெண்கள் பள்ளியின் அறிவியல் டீச்சர். டி.வி.யில் வரப்போகிறவள் அவள்தான்.

"வந்துட்டா! நம்ம அமலி வந்துட்டா!" என்று கத்தினாள் பஞ்சவர்ணம்.

கத்தியவள் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரையில் கடல்... அலை அலையாய்க் கடல்! அதற்கு நடுவே மஞ்சள் புடவையில் அமலி. கையில் கல்லாகிப்போன ஒரு சங்கு. அவளுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், உயரமாய் ஒரு வாலிபன். அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

போதாக்குறைக்கு, அவள் புடவையின் அகலக் கரையிலும் தண்ணீர் ஓடியது!

"அடி ஆத்தே... சேலை நனைய நனைய நிக்கிறாளே!"

கதவுக்குப் பின்னால் அமலி எட்டித் திரையை உற்றுப் பார்த்தாள். கடலா? அவள் பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்ததே இல்லையே! அந்த ஆளோடு நின்றதும் இல்லையே!

அந்த அதிர்ச்சியிலும்... அவனுடைய இரண்டு கண்களையும் அன்றுதான் அவள் முதன்முதலாகப் பார்த்தாள். அடடா, ஒன்றை மட்டும் பார்த்தபோதே சண்டை போடத் தோன்றிய கண்கள்...

ராக்கேலம்மாள் எழுந்தார். "ஏங்க உபதேசியாரே, பொண்ணு அரியலூரைத் தாண்டிப் போனதில்லைன்னு சொன்னீங்க?"

சவரியார் மகளைத் தேடிக் கதவுப் பக்கம் திரும்பினார்.

"வாடா மரியநாதா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மரியநாதன் அம்மாவுக்குப் பின்னாலேயே போனான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்பா, நான் கடலுக்குப் போகலப்பா..."

"பொட்டியில தெரியுது. ஊரே பாத்துச்சு. என் கண்ணு பொய் சொல்லுதா?" சவரியார் அதற்குமேல் பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

நடந்தது இவ்வளவுதான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் பள்ளிப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள் அமலி. அந்த மண்ணில் ஒரு காலத்தில் கடல் இருந்தது. அதன் சிப்பிகளும் சங்குகளும் கல்லாகி இன்னும் கிடக்கின்றன. அதைக் காட்டிக்கொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஒரு தகரக் கொட்டகைக்குள் ஓடினார்கள். உள்ளே, சென்னையிலிருந்து டி.வி. நிகழ்ச்சி எடுக்க வந்த கம்பெனிக்காரர்கள்... தோளில் கேமராவோடு ஒருவன்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க டீச்சர். லென்சுல தண்ணி தெறிக்குது."

"மழைகிட்ட சொல்லுங்க சார்."

அவன் ஒரு கண்ணைக் கேமராவில் வைத்து, மறு கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான். பேர் பிலவேந்திரன். அம்மா ஊர் ஏலாக்குறிச்சி என்றான். அவள் பிள்ளைகளுக்குச் சங்கைப் பற்றிச் சொன்னதை அதற்குள் கேட்டுவிட்டிருந்தான்.

"இதையே நாளைக்கு வந்து கேமராவுக்குச் சொல்றீங்களா? ஒண்ணே ஒண்ணு... நீலப் புடவை மட்டும் கட்டிட்டு வராதீங்க."

அமலிக்குச் சுருக்கென்றது. "நான் எந்தப் புடவை கட்டணும்னு சொல்ல நீங்க யாருங்க?"

"ஐயோ, அதுக்கில்லீங்க. மெட்ராஸ்ல புது மெஷின் ஒண்ணு வந்திருக்கு. டிஜிட்டல்னு..."

"உங்க மெஷினுக்காக நான் புடவை மாத்த முடியாது. மேலே பேசாதீங்க."

பேசவில்லை அவன். மறுநாள், தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கி, அப்பாவிடமும் சொல்லிவிட்டுத்தான் போனாள். வேண்டுமென்றே மஞ்சளில் அகல நீலக் கரை போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். கொட்டகைச் சுவரில் ஒரு பெரிய நீலத் துணி தொங்கியது. அதற்கு முன்னால் அவளைத் தனியாக நிறுத்தினார்கள். அவன் கேமராவில் வைத்த கண்ணை எடுக்காமலே கரையைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்... அவள் முறைப்பில் மென்று விழுங்கிவிட்டான்.

அவ்வளவுதான். அந்த வீம்புக்கு இப்போது ஊர் சிரிக்கிறது.

அமலி தலைமையாசிரியையிடம் அந்தக் கம்பெனியின் விலாசத்தை வாங்கி, பிலவேந்திரனுக்கு ஒரு கார்டு எழுதினாள்: 'நான் உங்களோடு எந்தக் கடலிலும் நிற்கவில்லை. எங்கள் ஊருக்கு வந்து அதைச் சொல்லவும்.'

அடுத்த ஞாயிறு காலை வந்தே விட்டான். ஒரு தோளில் பை, கையில் வி.சி.ஆர். பெட்டி. முகம் வெளிறிப்போயிருந்தது.

"இப்படி ஆகும்னு நினைக்கவே இல்லீங்க ஐயா. உங்க மகளைத் தனியா எடுத்தோம். எடுத்த நாடாவைப் போட்டுக் காட்டுறேன், நீங்களே பாருங்க."

சவரியார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கு மட்டும் காட்டினா பத்தாது தம்பி. அன்னிக்கு யார் யார் எங்க எங்க ஒக்காந்திருந்தாங்களோ, அப்படியே ஒக்காரணும். அப்புறம் காட்டு."

பெரம்பலூருக்கு ஆள் போனது. சாயங்காலம் ராக்கேலம்மாளும் மகனும் வந்து அதே பெஞ்சில், உம்மென்று உட்கார்ந்தார்கள். மதலேனம்மாள் சுவரோரம். பஞ்சவர்ணம் பாயில். அமலி கதவுக்குப் பின்னால்.

முதலில் வெறும் கடல் வந்தது. ஆளே இல்லை.

அடுத்து, நீலத் துணிக்கு முன்னால் அமலி. தன்னந்தனியாக. சேலை நனையவில்லை... கரை நீலமாய் அப்படியே இருந்தது.

"நீலம் எங்கெங்க இருக்கோ, அந்த இடத்துல எல்லாம் வேற படத்தை வச்சிடுதுங்க அந்த மெஷின்" என்றான் பிலவேந்திரன். "படத்தையே வெறும் எண்களா மாத்தி வச்சுக்குது. அப்புறம் நாம எதை எதோட வேணாலும் சேத்துக்கலாம். துணி நீலம், அங்க கடல் வந்திடுச்சு. டீச்சர் புடவைக் கரையும் நீலம்... அங்கேயும் கடல் வந்திடுச்சு."

"நீலம் வேணாம்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி?" என்றார் சவரியார்.

"சொல்ல வந்தேன். டீச்சர் விடலீங்க."

பாயில் சிரிப்புக் கிளம்பியது. கதவுக்குப் பின்னால் அமலி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அப்ப நீ?" என்றார் ராக்கேலம்மாள். "நீ எப்படிப் பக்கத்துல வந்த?"

"நிகழ்ச்சி சொல்ற சாருக்குக் காய்ச்சல்ங்க. கேமராவை வேற ஆள்கிட்ட குடுத்துட்டு, அவருக்குப் பதிலா என்னை மெட்ராஸ்ல தனியா நிக்க வச்சு எடுத்தாங்க. இப்ப வரும்."

வந்தது. நீலத் துணிக்கு முன்னால் பிலவேந்திரன். தனியாக. முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, அங்கே இல்லாத ஒருத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சவரியார் நெடுமூச்சு விட்டார். "ஆண்டவரே... ரெண்டு பேரும் ஒரே எடத்துல நிக்கவே இல்லியா!"

"இல்லீங்க ஐயா. ஒரு நாளும் இல்லீங்க."

அவன் நாடாவை நிறுத்தக் கை நீட்டினான். அதற்குள் திரைக்குள்ளிருந்து யாரோ உரக்க, "கட்! போதும் பிலவேந்திரா, முடிஞ்சது" என்றார்கள். விளக்கு ஒன்று அணைந்தது. ஆனால் திரையில் அவன் நகரவில்லை. அந்தச் சிரிப்பும் போகவில்லை. யாருமில்லாத இடத்தையே பார்த்துக்கொண்டு... பார்த்துக்கொண்டே...

"டேய், போதும்னு சொல்றேன்ல!" என்றது அந்தக் குரல்.

பாயில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அங்கதான் யாருமே இல்லியே தம்பி," பஞ்சவர்ணம் மெல்லக் கேட்டாள். "யாரைப் பாத்து இப்படிச் சிரிச்ச?"

பிலவேந்திரனுக்குக் காது மடல் வரை சிவந்தது. பொய் சொல்லத் தெரியாத முகம்.

"அந்தப் பக்கம் ஒரு டி.வி. இருந்துச்சுங்க... டீச்சர் பேசினதை அதுல ஓட விட்டிருந்தாங்க. அதைத்தான்..."

முடிக்கவில்லை. வயரைச் சுருட்டி வி.சி.ஆரை எடுத்துக்கொண்டான். "என்னால ஆனது இதுதாங்க. டீச்சர் மேல தப்பே இல்ல. இது மட்டும்தான்... என் தப்பு. வரேங்க ஐயா." கதவைத் தாண்டும்போது ஒரே ஒரு தடவை நிமிர்ந்தான். இரண்டு கண்களும்... இவ்வளவு கிட்டத்தில், நேராக... அமலிக்கு மழைக் கொட்டகையின் தகரம் நெஞ்சுக்குள் தடதடத்தது.

அவள் வாய் திறப்பதற்குள் பஸ் போய்விட்டது.

"அப்புறமென்ன, சந்தேகம் தீந்துச்சு" என்றார் ராக்கேலம்மாள். "தேதி குறிச்சிடலாம்ங்க உபதேசியாரே."

"சொல்லி அனுப்புறேன்" என்று சவரியார் எழுந்தார். வீட்டுக்கு வந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மகளைப் பார்த்தார்.

"பெரம்பலூர்க்காரங்களுக்கு என்ன சொல்லட்டும்?"

"வேணாம்ப்பா. அன்னிக்கு எந்திரிச்சுப் போனாங்களே... என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

 சவரியாரின் குரல் இறங்கியது. "நானுந்தான் கேக்கல பாப்பா."

அமலி அழுதாள். அவர் அவள் தலையில் கைவைத்தார்.

"அந்தத் தம்பி வெலாசம் இருக்கா?"

அவள் திகைத்து நிமிர்ந்தாள். "அப்பா!"

"எதுக்கு முழிக்கிற? பொட்டியில தெரிஞ்சதெல்லாம் மெஷின் பண்ண வேலைன்னான். சரி. 'கட்'னு சொன்ன பொறவும் பாத்துக்கிட்டே நின்னானே... அதை எந்த மெஷின் பண்ணுச்சு?" என்றார். "எழுது. ஆயி அப்பனைக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லு."

அமலி எழுதினாள். அடித்து எழுதினாள். கடைசியில், நல்ல தாளில்:

'பிலவேந்திரன் அவர்களுக்கு, நீங்கள் பார்த்துக்கொண்டு நின்ற இடம் காலியாக இருக்கிறது என்று ஊரெல்லாம் சாட்சி சொல்கிறது. அங்கே வந்து நிற்க எனக்குச் சம்மதம். அப்பாவுக்கும்தான். பெற்றோரை அழைத்து வரவும். பிறகு ஒரு நாள் நிஜக் கடலைக் காட்டவும். அன்றைக்கு நீலப் புடவைதான் கட்டுவேன்... இப்போதே சொல்லிவிட்டேன். அமலோற்பவமேரி.'

மடித்துக் கவரில் போட்டாள். பசை இல்லை. மதலேனம்மாள் ஒன்றும் கேட்காமல் அடுப்படியிலிருந்து இரண்டு சோற்றுப் பருக்கையைக் கொண்டுவந்து நீட்டினாள். முகத்தில் சிரிப்பு மட்டும் இருந்தது.

ஓரத்தை அழுத்தி ஒட்டியானதும் சவரியார் கையை நீட்டினார். கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தபாலில் சேர்க்க ஜெயங்கொண்டம் பஸ்ஸைப் பிடிக்க, என்றைக்குமில்லாத வேகத்தில் நடந்தார்.