முந்தி வந்த படம்

கைப்பேசித் திரையில் தண்ணீர் டம்ளர் உருண்டு விழுவதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு உள்ளறைக்கு ஓடினாள். டம்ளர் ஸ்டூலின்மேல் அப்படியே இருந்தது. தரை காய்ந்து கிடந்தது. தூக்கமில்லாமல் கண் ஏமாற்றுகிறது போலும் என்று நினைத்துத் திரும்பியபோது, போர்வைக்குள்ளிருந்து கணவனின் இடதுகை துள்ளி வெளியே வந்து டம்ளரைத் தட்டிவிட்டது. அது உருண்டுபோய்க் கட்டில் காலை ஒட்டி நின்றது. திரையிலும் அங்கேதான் போய் நின்றிருந்தது.

விபத்துக்குப் பிறகு அவனுக்குப் பேச்சு வரவில்லை. இடதுகை மட்டும் தன்பாட்டுக்குத் துள்ளும். சளி அடைத்தால் யாராவது புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையென்றால் மூச்சு நின்றுவிடும். அவளோ கூடத்தில் உட்கார்ந்து, யார்யாருடைய சலவை இயந்திரமோ ஓடாத கதையையெல்லாம் தொலைபேசியில் கேட்டுப் பிழைக்கிறவள். அதனால்தான் அவன் அறையில் அலமாரிக்கு மேல் ஒரு கேமரா வைத்தாள்.

வீட்டுக்கு இருந்தது ஒரே நெட் இணைப்பு. மாடியில் கொழுந்தன் விளையாட்டில் உட்காருவான், அவன் மனைவி பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு எடுப்பாள், டிவி ஒருபக்கம் ஓடும். போன வாரம் ஒரு மாலையில் எல்லாம் சேர்ந்து இழுத்ததில் கேமரா படம் உறைந்துபோயிற்று. அவன் நிம்மதியாகத் தூங்குவதாக நினைத்து அவள் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கோ உள்ளே போனவள், உதடு நீலம்பாரித்துக் கிடந்தவனைத்தான் பார்த்தாள்.

மறுநாளே ரவுட்டர் கடவுச்சொல்லைக் கொழுந்தனிடமிருந்து பிடுங்கினாள். கேமராவுக்கு முதலிடம். மற்றதற்கெல்லாம் கடிவாளம்.

“அண்ணி, நெட்டு ஆமை மாதிரி ஊருது. என்ன பண்ணி வச்சீங்க?” என்று மாடிப்படியிலிருந்து கத்தினான் கொழுந்தன்.

“உங்கண்ணனுக்கு மூச்சு முட்டினா எனக்குத் தெரியணும் தம்பி. உன் விளையாட்டு எங்கயும் ஓடிப்போயிடாது.”

“சரி சரி, இனி நீங்கதான் மகாராணி. மனு போட்டாத்தான் நெட்டு கிடைக்கும் போல.”

டம்ளர் விழுந்தது அன்றைக்குத்தான். முதலில் பயந்தாள். பிறகு, சொல்லக் கூச்சமாக இருந்தாலும், சந்தோஷப்பட்டாள். அவன் இருமுவது திரையில் முன்கூட்டியே தெரிந்தது. இருமல் வரும்போது அவள் கட்டிலருகே தயாராக நின்றாள். இன்னும் கொஞ்சம் முந்தித் தெரிந்தால் நல்லதுதானே? டிவியை வெட்டினாள். மாடி லேப்டாப்பை வெட்டினாள். ஒவ்வொன்றை வெட்டும்போதும் படம் பளிச்சென்று தெளிந்தது. இன்னும் முன்னால் ஓடியது.

அன்று மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த சாயங்காலம். ஈரச் சுவர் வாடையும் உள்ளறையின் மருந்து நெடியும் கலந்து கூடத்தில் தேங்கி நின்றன. காதில் யாரோ ஒரு பெரியவர் தண்ணீர் ஒழுகுவதைப் பற்றி ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்க, அவள் வழக்கம்போல் திரையை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

கட்டிலருகே ஒரு பெண் நின்றாள். சாம்பல் நிறச் சட்டை, அள்ளி முடிந்த கொண்டை. முதுகுதான் தெரிந்தது. தன் முதுகை யாருக்கு அடையாளம் தெரியாது?

அந்தப் பெண் அவன் நெற்றியைத் தடவினாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். தலைக்குக் கீழிருந்த தலையணையைப் பதமாக உருவினாள். அவன் முகத்தின்மேல் வைத்தாள். அழுத்தினாள். இடதுகை துள்ளியது. துள்ளியது. பிறகு துள்ளவில்லை.

“அம்மா, லைன்ல இருக்கீங்களா?” என்று காதில் கேட்டது.

அவள் குனிந்து தன் சட்டையைப் பார்த்தாள். சாம்பல் நிறம்.

இதெல்லாம் எப்போதுதான் முடியும் என்று, ஈரப் படுக்கை விரிப்பை மாற்றும்போது, ஒரே ஒருமுறை மனம் முனகியதுண்டு. யார்தான் அப்படி முனகமாட்டார்கள்? அதற்காக?

எழுந்துபோய் எட்டிப் பார்த்தாள். அவன் தூங்கிக்கொண்டிருந்தான், மார்பு ஏறி இறங்கியது. உள்ளே கால் வைக்காமலே கதவை இழுத்து வெளிப்பக்கம் பூட்டினாள். சாவி உள்ளங்கையில் அழுந்தியது. நான் போனால்தானே? போகமாட்டேன்.

“தம்பி! கீழ வா!”

அவன் ஓடி வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் வாயிலிருந்த கிண்டல் செத்துப்போயிற்று.

“என்னை உள்ள விடாதே. நான் அழுதாலும் விடாதே.”

“அண்ணி, என்ன ஆச்சு?”

“கேள்வி கேக்காதே. மேல போய் எல்லாத்தையும் போடு. டிவி, விளையாட்டு, லேப்டாப்பு, வீட்ல எது இருக்கோ அது. எல்லாம் சேர்ந்து நெட்டை இழுக்கட்டும்.”

அவளுக்குத் தோன்றியது அவ்வளவுதான். வேகம் கொடுத்துத்தானே அது முந்தி வந்தது. வேகத்தைப் பிடுங்கினால் பின்னால் போகாதா? போட்ட கடிவாளங்களையெல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். மாடியில் டிவி அலறியது. படம் திக்கியது, கட்டம் கட்டமாக உடைந்தது, மறுபடி கூடியது.

அறை. மூடிய கதவு. தூங்கும் கணவன். ஏறி இறங்கும் மார்பு. வேறு யாருமில்லை.

வெளியே ஒரு மின்னல் வெட்டியது. திரையிலும் அதே நொடியில் வெட்டியது.

அவள் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள். இறங்கி வந்த கொழுந்தன் பக்கத்தில் நின்று திரையை எட்டிப் பார்த்தான்.

“அண்ணன் நல்லாத்தானே தூங்குறாரு...”

கதவு திறக்கவில்லை. கேமராவுக்கு நேர் கீழே, படத்தில் எப்போதுமே விழாத அந்த மூலையிலிருந்து, அள்ளி முடிந்த ஒரு கொண்டை மெல்ல எழுந்தது.

“அண்ணி.” கொழுந்தனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “நீங்க இங்க இருக்கீங்களே. உள்ள யாரு?”

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. இன்னொருவர் உட்காரும் சத்தம்.

அவள் சாவியைத் துளையில் திணித்தாள். திரும்பியது. பூட்டு விட்டது. கதவு அசையவில்லை. உள்தாழ் போட்டிருந்தது.

தோளால் இடித்தாள். கொழுந்தன் உதைத்தான். இடிக்கு நடுவே அவளுக்கு அது கேட்டது. கணவனின் தொண்டையிலிருந்து எழுந்த மெல்லிய, சுகமான முனகல். அவள் நெற்றியைத் தடவும்போது மட்டும் அவன் எழுப்பும் சத்தம். அவன் பயப்படவில்லை. அவள்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

“நான் இல்லைங்க! அது நான் இல்லை!”

திரையில் போர்வை கழுத்துவரை ஏறியது. அவன் சிரித்தான். தலையணை அவன் முகத்துக்கு மேலே வந்தது.

அங்கேயே படம் நின்றது.

நடுவில் ஒரு சின்ன வெள்ளை வட்டம் சுழலத் தொடங்கியது.

“எல்லாத்தையும் நிறுத்து! தம்பி, நிறுத்து!”

அவன் மாடிக்குப் பாய்ந்தான். அவள் கதவில் காதை வைத்தாள். கட்டில் கிரீச்சிட்டது. வேகமாகக் கிரீச்சிட்டது. பிறகு இல்லை.

மாடியில் டிவி அணைந்தது.

தலையணைக்கும் சிரிப்புக்கும் நடுவில் வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது.