மிஞ்சிய பெயர்

இணைத்த பிறகு பட்டியலில் மிஞ்சியிருக்க வேண்டியது அப்பாவின் பெயர். மிஞ்சியிருந்தது அங்கம்மாவின் பெயர்.

ஸ்டெஃபனி மடிக்கணினியை அருகே இழுத்தாள். மலேசியாவின் குளுவாங் ஊரில் மத்தியானத்திலிருந்தே விடாத மழை. தகரக் கூரையில் அது கொட்டும் இரைச்சலும், ஊறிப்போன சுவரின் பூஞ்சை வாடையும், பக்கத்து அறையில் அப்பாவின் சக்கர நாற்காலி அவ்வப்போது கிறீச்சிடுவதும் அவளுக்குப் பழகிப்போனவை. ஞாபகம் அழிந்துபோன முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்து ஆராய்கிறாள். பேச்சின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு குறியீடு ஒட்ட வேண்டும், பிறகு ஒத்த குறியீடுகளை ஒன்றில் கொட்ட வேண்டும். வேலை அவ்வளவுதான்.

"கோட் ரொம்ப அதிகம் லா, ஸ்டெஃபனி. ஒரே மாதிரி இருக்கறத மெர்ஜ் பண்ணிடுங்க," என்று காலையில் பேராசிரியர் லோஷினி போனில் சொல்லியிருந்தார்.

'அப்பா கூப்பிடுவது.' 'அங்கம்மா கூப்பிடுவது.' இரண்டும் ஒன்றுதானே என்று தேர்ந்தெடுத்து இணைத்துவிட்டாள். ஒன்றா அது? பக்கத்து ஊரான பாலோவில் அவள் பேட்டி எடுத்த அங்கம்மா, செத்துப்போன மகன் குணாளனை வாசலைப் பார்த்துக் கூப்பிட்டபடியே இருந்தவள். போன மாதம் அவளும் போய்ச் சேர்ந்தாள். அப்பா ரோலண்ட் கூப்பிடுவது உயிரோடு இருக்கும் மகளை. மனைவியின் முகம், தினம் சொன்ன ஜெபம், குடியிருக்கும் வீடு, எல்லாம் போன பிறகும் அவரிடம் ஒரே ஒரு பெயர் தங்கியிருந்தது. ஸ்டெஃபி. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் இந்த வீட்டில் கிடக்கிறாள்.

நாற்காலி கிறீச்சிட்டது.

"குணாளா, மழ வருது. உள்ள வாடா."

அப்பாவின் குரல்தான். அதே கரகரப்பு. ஆனால் அங்கம்மாவின் பதிவை அவர் கேட்டதே இல்லை. ஹெட்போன் மாட்டாமல் அவள் எதையும் ஓடவிட்டதில்லை.

செய்ததைத் திரும்பப் பெறும் பொத்தானை அழுத்தினாள். மங்கிக் கிடந்தது. மறுபடி அழுத்தினாள். கொட்டிய பாலை எங்கே அள்ளுவது? அப்பாவின் பதிவை முதலிலிருந்து கேட்டு, வரிவரியாகப் பிரித்தெடுத்தால் ஒருவேளை சரியாகும் என்று அதை ஓடவிட்டாள். "ஸ்டெஃபி" என்று அவர் கூப்பிடும் இடம் அவளுக்கு மனப்பாடம்.

அந்த இடம் வந்தது.

"குணாளா."

ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள். எழுந்து ஓடினாள். அப்பா வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். கையைத் தூக்கி, தோளில் இல்லாத முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். கூப்பிடுவதற்கு முன்னால் அங்கம்மா அப்படித்தான் செய்வாள்.

"அப்பா, என்னைப் பாருங்கப்பா. நான் யாரு?"

அவர் பார்த்தார். அவளை இல்லை. அவளுக்குப் பின்னால் இருந்த வாசலை.

திரும்பி ஓடி வந்து திரையில் தேடினாள். இணைத்தவற்றின் விவரம் கிடைத்தது. இரண்டு இருக்க வேண்டும். மூன்று இருந்தன. இரண்டுக்கும் நடுவில் கிடந்த குறியீடும், தேர்ந்தெடுக்கும்போது தெரியாமல் சேர்ந்து போயிருந்தது.

'ஸ்டெஃபனி பேசுவது.'

பேட்டிகளில் அவள் கேட்ட கேள்விகள். அவள் சொன்ன ஆறுதல். அவள் பேசிய எல்லாம்.

இல்லை. நான் ஸ்டெஃபனி. உரக்கச் சொல்லிப் பார்க்க வாயைத் திறந்தாள்.

"குணாளா."

வாயைப் பொத்தினாள். கை அங்கே நிற்கவில்லை. இறங்கியது. டி-சட்டைத் தோளில் எதையோ தேடியது. பிடித்தது. இழுத்தது. தலையில் போட்டது.

பக்கத்து அறையில் நாற்காலி கிறீச்சிட்டது. இருவரும் வாசலைப் பார்த்தார்கள். ஒரே நேரத்தில். ஒரே மூச்சில்.

"மழ வருது. உள்ள வாடா."